யூட்டா வந்து நாலு நாள், கொடுத்த முகவரியில் வீடே இல்லை. ஏமாந்துட்டோமா?

புதுவரவு:
வணக்கம். அவசரத்துல எழுதறேன், தப்பு இருந்தா மன்னிக்கணும். அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துக்கு வந்து நாலு நாள் ஆச்சு. ஏர்போர்ட் பக்கத்துல ஹோட்டல்ல இருக்கோம். வெள்ளிக்கிழமை காலையில காலி பண்ணணும், அதுக்கு மேல இவரோட கம்பெனி பணம் தராது. ஆன்லைன்ல ஒரு வீடு பார்த்து அப்ளிகேஷன் ஃபீஸ் 50 டாலர் கட்டினோம். இன்னிக்கு 10 மணிக்கு வந்து பார்க்கச் சொன்னாங்க. முகவரி முந்நூத்திச் சொச்சம் நார்த், 500 வெஸ்ட். ஊபர்ல போய் இறங்கினா கம்பி வேலி, ஒரு குடோன், ரயில் சத்தம். வீடே இல்லை. குழந்தையைத் தூக்கிக்கிட்டு அரை மணி நேரம் நின்னோம். போன் பண்ணா அந்தம்மா, "நான் வாசல்லதான் நிக்கிறேன், நீங்கதான் வரலை"ங்கறாங்க. நாளைக்கு வாங்க, முடிஞ்சா டெபாசிட்டை இப்பவே போட்டுடுங்கன்னும் சொல்றாங்க. இது ஃபிராடா? குழந்தைக்கு வேற இருமல். வெளியில ஒரே புகை, மலைன்னு ஒண்ணு இருக்கறதே தெரியலை. எங்கயாவது காடு எரியுதா?

ஓட்டைக்குடை:
சந்தேகமே வேணாம், ஃபிராடுதான். பார்க்கறதுக்கு முன்னாடி டெபாசிட் கேட்டாலே ஓடிடணும். 50 டாலரோட போச்சேன்னு நினைச்சுக்கோங்க. போலீஸுக்குச் சொல்லுங்க.

தபால்காரன்:
எந்த ஊரும்மா?

நடைராஜா:
ஜனவரியில வந்து இறங்கினவங்களைப் பார்த்தா எனக்கு என் கதைதான் ஞாபகம் வரும். நான் 2009ல படிக்க வந்தேன். கையில ஒரு ஸ்வெட்டர், அதுவும் ஊட்டியில வாங்கினது. பஸ் ஸ்டாப்புல இருந்து ரூமுக்கு நாலு பிளாக்தானே, நடந்துடலாம்னு கிளம்பினேன். இங்க சால்ட் லேக் சிட்டியில ஒரு பிளாக் 660 அடி, ரோடு 132 அடி அகலம். நாலு பிளாக்னா அரை மைலுக்கு மேல! கான்வாஸ் ஷூவுக்குள்ள பனி போய், ரூமுக்கு வந்து சாக்ஸைக் கழட்டினா கட்டைவிரல் யாருதோ மாதிரி இருந்தது. அந்தக் காலத்துல மாட்டு வண்டியை ஒரே வீச்சுல திருப்பறதுக்காக இந்த ஊரை நிறுவின மார்மன் சபைத் தலைவர் பிரிகாம் யங் இவ்வளவு அகலமாப் போடச் சொன்னாராம், இங்க எல்லாரும் சொல்ற கதை. வண்டி வெச்சிருந்தவனுக்குச் சரி. நடக்கறவன் கதி? முதல்ல நல்ல பூட்ஸ் வாங்குங்க.

சாண்டி_சாம்பார்:
காடெல்லாம் எரியலை சிஸ்டர். இதுக்கு இங்க இன்வர்ஷன்னு பேரு. கிழக்குல வாசாட்ச் மலை, மேற்குல ஓக்கர் மலை, நடுவுல நாம சட்டிக்குள்ள உக்கார்ந்திருக்கோம். குளிர்காலத்துல குளிர்ந்த காத்து அடியில தங்கிடும், சூடான காத்து மேல மூடி போட்ட மாதிரி வந்து உக்காந்துடும். கார்ப்புகை, அடுப்புப்புகை எதுவும் வெளியேறாது. அடுத்த பனிப்புயல் வந்துதான் மூடியைத் திறக்கும். அதுவரைக்கும் ஏர்நவ் தளத்துல பிஎம் 2.5, அதாவது காத்துல நுண்தூசி, எவ்வளவுன்னு தினம் பாருங்க. ஆரஞ்சு, சிவப்புன்னு காட்டினா குழந்தையை வெளியில கொண்டு போகாதீங்க.

வீடு வேணும்னா சால்ட் லேக் பக்கமே பாருங்க. சாண்டி, டிரேப்பர் வரைக்கும் டிராக்ஸ் ரயில் இருக்கு. தெற்கே யூட்டா கவுன்டிக்கு (மாநிலத்துக்குள்ள அதே பேர்ல ஒரு மாவட்டம்) போயிடாதீங்க, ஒரே மதம், ஒரே முகம், வாடகை வேற ஏறிப்போச்சு.

மலையேறி:
இன்வர்ஷன்னா வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கவா சொல்றீங்க? காரை எடுத்துக்கிட்டு பார்க் சிட்டிக்கு ஏறுங்க, கிட்டத்தட்ட 7,000 அடி உயரம். கீழ சாம்பல், மேல பளீர்னு வெயில். குழந்தைக்கு இருமல் அங்கயே நின்னுடும்.

சாண்டி_சாம்பார்:
யோவ், ஊபர்ல போறவங்ககிட்ட கார் எங்க இருக்கு? குழந்தைக்கு என்ன வயசுன்னே தெரியாது, பனிச்சாலையில மலையேறச் சொல்றீரு.

ஸ்கார்பரோ_அன்ரி:
பிள்ளை, நான் கனடாவில இருந்து சொல்லுறன். இஞ்ச எண்டால் கோயிலடியில ரெண்டு பேரைக் கேட்டாலே பேஸ்மென்ட் ஒண்டு கிடைச்சிடும். இன்ரர்நெட்டில வீடு தேடப்படாது. எங்கட ஆக்கள் ஆரும் அங்க இல்லையோ?

ஓட்டைக்குடை:
இருக்காங்க அன்ரி, சவுத் ஜோர்டன்ல கணேசர் கோயில் இருக்கு. ஆனா அங்க போய்க் கேட்டா வீடு எங்கன்னு சொல்ல மாட்டாங்க. எந்த கம்பெனி, என்ன சம்பளம், கிரீன் கார்டு எந்த வருஷ வரிசைன்னு கேப்பாங்க. நான் போன முதல் வாரம் ஒருத்தர் சர்க்கரைப் பொங்கல் கரண்டியைப் பிடிச்சுக்கிட்டே என் விசா ஹிஸ்டரி மொத்தத்தையும் கேட்டு முடிச்சுட்டாரு. பொங்கல் என்னவோ நல்லா இருந்தது.

தபால்காரன்:
தங்கச்சி, ஊர் பேரைச் சொல்லும்மா. இல்லைன்னா ஜிப் கோடு.

காப்பிப்பொடி:
ஒரே மதம் ஒரே முகம்னு எழுதினவருக்கு: நான் 8 வருஷமா யூட்டா கவுன்டியிலதான் இருக்கேன். குடி வந்த மறுநாள் விடியக்காலையில யாரோ சரக் சரக்னு இழுக்கற சத்தம். ஜன்னல் வழியாப் பார்த்தா எதிர்வீட்டுக்காரர் எங்க வாசல் பனியைத் தள்ளிக்கிட்டு இருக்காரு. பேர்கூடத் தெரியாது எங்களுக்கு. நன்றி சொல்லலாம்னு காப்பி போட்டுக் கொடுத்தேன், மனுஷன் நெளிஞ்சாரு. அவங்க மார்மன் சபையில காப்பி, டீ, சாராயம், புகையிலை எதுவும் கூடாது, 1833லயே ஆரம்பிச்ச கட்டுப்பாடு. மறுநாள் சுக்கு மல்லி காப்பி கொடுத்தேன். "இதுல காப்பிக்கொட்டை உண்டா?"ன்னு ரெண்டு தடவை கேட்டுட்டு, மூணு டம்ளர் குடிச்சாரு. இப்ப பனி விழுந்தாலே அவங்க வீட்டுப் பையன் டம்ளரோட வந்து நிக்கிறான்.

சபைப் பிரசாரத்துக்குக் கதவைத் தட்டி வெள்ளைச் சட்டை டை போட்ட ரெண்டு பசங்க வருவாங்க, 19 வயசுப் பையன் மார்புல "எல்டர்"னு, அதாவது மூத்தவர்னு, பெயர்ப்பலகை இருக்கும். சிரிச்சுடாதீங்க. வேண்டாம்னு தன்மையாச் சொன்னாப் போயிடுவாங்க.

சாண்டி_சாம்பார்:
வேண்டாம்னு சொன்னதுக்கு அப்புறம் பர்த்டே பார்ட்டிக்குப் பிள்ளையைக் கூப்பிட்டாங்களான்னு கேளுங்க. எங்க தெருவுல கூப்பிடலை. ஞாயித்துக்கிழமை பாதிக் கடைக்குப் பூட்டு. சரக்குக் கடை அரசாங்கத்துது, அதுக்கும் ஞாயிறு லீவு. 2018 கடைசியில இருந்து வண்டி ஓட்டறவங்க ரத்தத்துல சாராயம் 0.05 சதவீதம் இருந்தாலே கேஸு, அமெரிக்காவுலயே முதல்ல இங்கதான்.

நடைராஜா:
டாஸ்மாக் நாட்டுல இருந்து வந்துட்டு அரசாங்கச் சரக்குக்கடையைக் குறை சொல்றியே தம்பி.

மலையேறி:
அதெல்லாம் விடுங்க, ஏரியே வத்திக்கிட்டு இருக்கு. 2022 நவம்பர்ல கிரேட் சால்ட் லேக் அதுவரைக்கும் இல்லாத அளவுக்குக் கீழ போச்சு. ஆத்துத் தண்ணி பெரும்பாலும் குதிரை மசாலுக்கும் தீவனப் புல்லுக்கும் போயிடுது. காஞ்ச ஏரிப்படுகையில ஆர்செனிக் இருக்கு, காத்தடிச்சா அதையும் நாமதான் சுவாசிக்கணும். இதைப் பத்தி ஒருத்தரும் பேச மாட்டாங்க, காப்பி கொடுத்த கதையைப் பேசுவாங்க.

ஸ்கார்பரோ_அன்ரி:
உப்பு ஏரியெண்டால் மீன் இல்லையோ?

மலையேறி:
மீன் இல்லை அன்ரி. பொடி இறாலும் ஈயும்தான்.

புதுவரவு:
மன்னிக்கணும், குழந்தையைத் தூங்க வெச்சுட்டு இப்பதான் பார்க்கறேன். அவளுக்கு 11 மாசம். காய்ச்சல் இல்லை, இருமல் மட்டும்தான். இவர் ஆபீஸ் லேஹின்னு ஒரு ஊர்ல. வீடும் அங்கேயே பக்கம்னு சொன்னாங்க. மெயில்ல 84043னு இருக்கு. ஆப்ல முகவரியை மட்டும்தான் அடிச்சார், ஊர் பேர் போடலை, முதல்ல வந்ததைத் தொட்டுட்டார்.

தபால்காரன்:
அதைத்தான் காலையில இருந்து கேக்கறேன். 84043 லீஹை. லேஹின்னு சொல்லாதீங்க, லீ-ஹை. நீங்க போய் நின்னது சால்ட் லேக் சிட்டி. இடையில 30 மைல்!

நான் இங்க ரெண்டு வருஷம் பார்சல் போட்ட ஆளு. இந்த மாநிலத்துல முகவரிங்கறது தெருப்பேரு இல்லை, நம்ம பள்ளிக்கூட கிராஃப் பேப்பர். ஊருக்கு நடுவுல ஒரு பூஜ்யம், அதுல இருந்து வடக்கே இவ்வளவு, மேற்கே இவ்வளவு. சால்ட் லேக்ல பூஜ்யம் டெம்பிள் ஸ்கொயர் மூலை. 800ன்னா ஏறக்குறைய ஒரு மைல். 9400 சவுத்னா 94ஐ 8ஆல வகுத்துக்கோங்க, 12 மைல் தெற்கே, அதான் நம்ம சாண்டி_சாம்பார் இருக்கற பக்கம். சால்ட் லேக் கவுன்டியில பெரும்பாலும் இந்த ஒரே பூஜ்யம்தான். ஆனா பாயிண்ட் ஆஃப் த மவுண்டன்ங்கற மேட்டைத் தாண்டி யூட்டா பள்ளத்தாக்குக்குள்ள இறங்கிட்டா லீஹைக்குத் தனி, அமெரிக்கன் ஃபோர்க்குக்குத் தனி, ப்ரோவோவுக்குத் தனிப் பூஜ்யம். உங்க 300 நார்த் 500 வெஸ்ட் இன்னும் எத்தனையோ ஊர்ல இருக்கும். முதல் மாசம் நானும் ஒருத்தர் வீட்டு மெத்தையை அடுத்த ஊர்ல இறக்கிட்டு வந்தவன்தான். முதலாளி கத்தின கத்து இன்னும் காதுல இருக்கு.

இப்பச் செய்ய வேண்டியது. அந்தம்மாவுக்கு இன்னிக்கே மெசேஜ் போட்டு, தப்பா சால்ட் லேக் போயிட்டோம்னு சொல்லுங்க. இங்க எல்லாருக்கும் நடந்திருக்கும், சிரிப்பாங்க. டெபாசிட் மட்டும் வீட்டைப் பார்க்காம, பேப்பர்ல கையெழுத்து ஆகாம கட்டாதீங்க. அந்த விஷயத்துல ஓட்டைக்குடை சொன்னது சரி. வீடு யார் பேர்ல இருக்குன்னு யூட்டா கவுன்டி ரெக்கார்டர் தளத்துல முகவரியைப் போட்டே பார்க்கலாம். அந்தம்மா பேரும் அதுவும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. ஒத்துப்போகலைன்னா கேளுங்க, மேனேஜரா இருக்கலாம்.

போறதுக்கு ஃப்ரன்ட்ரன்னர் ரயில் இருக்கு. சால்ட் லேக் சென்ட்ரல்ல ஏறினா லீஹைக்கு முக்கால் மணி, அங்க இறங்கி ஊபர். ஊபர்லயே முழுசாப் போனா செலவு தாளாது. ஞாயித்துக்கிழமை அந்த ரயில் கிடையாது.

காப்பிப்பொடி:
தம்பி சொன்னதோட நானும் ஒண்ணு. கிரெடிட் ஸ்கோர் கேட்டா பயப்படாதீங்க. இவரோட ஆஃபர் லெட்டர், பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள்ள வந்த பதிவு) பிரின்ட் மூணையும் கையில வெச்சுக்கோங்க. கூடுதல் டெபாசிட் தர்றோம்னு பேசிப் பாருங்க, தனி ஓனர்னா பெரும்பாலும் ஒத்துப்பாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள முடியலைன்னா லீஹை பக்கமே வாரக் கணக்குல அடுப்போட ரூம் தர்ற ஹோட்டல் எடுங்க, ஏர்போர்ட்டை விட்டு வாங்க. நீங்க எச்4ஆ, அதாவது வேலை விசாவுல வந்தவரோட மனைவிக்குத் தர்ற விசாவா?

புதுவரவு:
ஆமாம்க்கா, எச்4. இவருக்கு இன்னும் சோஷியல் செக்யூரிட்டி நம்பர் வரலை.

காப்பிப்பொடி:
அவருக்கு வந்துடும். உங்களுக்கு வேலை அனுமதி வாங்கறவரைக்கும் சோஷியல் நம்பர் கிடையாது. கிடையாதுன்னே ஒரு லெட்டர் சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸ்ல கேட்டு வாங்கிக்கோங்க, லைசென்ஸ் எடுக்கும்போது கேப்பாங்க. இன்னொண்ணு, இங்க டிஎம்விக்குப் போய் லைசென்ஸுக்கு வரிசையில நிக்காதீங்க. அது வண்டி ரெஜிஸ்டர் பண்ற இடம். லைசென்ஸுக்கு டிரைவர் லைசென்ஸ் டிவிஷன்னு தனி ஆபீஸ். நான் முக்கால் மணி நேரம் தப்பு வரிசையில நின்னேன்.

பாப்பாவுக்கு ரூம்ல ஹ்யூமிடிஃபயர் வையுங்க. இங்க காத்துல ஈரமே கிடையாது, பெரியவங்களுக்கே மூக்குல ரத்தம் வரும். மூச்சு இழுத்தா, விலா உள்ள வாங்கினா, பால் குடிக்கலைன்னா இன்வர்ஷன்னு சொல்லிக்கிட்டு உக்காராம உடனே டாக்டர்கிட்ட போங்க.

ஓட்டைக்குடை:
ஃபிராடுன்னு சொன்னதை முக்கால்வாசி வாபஸ் வாங்கிக்கறேன்.

புதுவரவு:
இன்னிக்குப் போயிட்டு வந்துட்டோம். வீடு இருக்கு! அந்தம்மாவும் நிஜம், ரெக்கார்டர் தளத்துல அவங்க பேர்தான். சால்ட் லேக் போய் நின்னோம்னு சொன்னதும், "என் கல்யாணத்துக்கே பாதிப் பேர் தப்பு ஊருக்குப் போயிட்டாங்க"ன்னு சிரிச்சாங்க. கையெழுத்து போட்டுட்டு அங்கேயே செக் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை சாவி. ரயில் பாயிண்ட் ஆஃப் த மவுண்டன் தாண்டினப்பதான் ஒரு நிமிஷம் புகை விலகி மலை தெரிஞ்சது. இவ்வளவு கிட்டவா இருக்குன்னு இருந்தது. தபால்காரன் அண்ணா, காப்பிப்பொடி அக்கா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.

ஒரு சின்னக் கேள்வி. இந்தக் குளிர்ல இட்லி மாவு புளிக்குமா? பருப்பும் வேகவே மாட்டேங்குது, ஹோட்டல் அடுப்புதான் சரியில்லையா?

நடைராஜா:
அடுப்பு மேல தப்பில்லை, நாம இருக்கறது 4,000 அடிக்கு மேல. தண்ணி 96 டிகிரி வர்றதுக்குள்ளயே கொதிச்சுடும். பருப்புக்குக் குக்கர் இல்லாம முடியாது, ரெண்டு விசில் சேர்த்து விடுங்க.

காப்பிப்பொடி:
மாவை ஓவனுக்குள்ள வெச்சு லைட்டை மட்டும் போட்டு விடும்மா, காலையில பொங்கி நிக்கும். ஓவன் கதவுல "மாவு இருக்கு"ன்னு சீட்டு ஒட்டிடு. நான் ஒட்டாத அன்னிக்கு எங்க வீட்டுக்காரர் பீட்சாவுக்காக 400 டிகிரி ஃபாரன்ஹீட் வெச்சுட்டாரு, மாவோட சேர்ந்து டப்பாவும் உருகிடுச்சு.