தொடை இடுக்கில் நெறி எடுக்கும் ஆபரேஷன்: புண், நீர், கால் வீக்கம் பற்றி உங்கள் அனுபவங்கள்

காவிரிக்கரை மகன்

அப்பாவுக்கு ஆணுறுப்பில் புற்றுநோய். இப்படி நேராகச் சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை. "கீழே ஒரு கட்டி" என்றுதான் சொந்தக்காரர்களிடம் சொன்னோம். அந்தக் கூச்சத்திலேயே மாதங்கள் ஓடி, ஆஸ்பத்திரிக்குப் போனபோது தொடை இடுக்கில் இரண்டு பக்கமும் நெறி (நிணநீர் முடிச்சு) கட்டியிருந்தது. ஊசி குத்தி எடுத்துப் பார்த்ததில் அங்கேயும் நோய் பரவியிருந்தது.

உறுப்பில் செய்த ஆபரேஷன் சீக்கிரம் ஆறிவிட்டது. எங்களைப் படுத்தி எடுத்தது நெறி ஆபரேஷன்தான். வலது பக்கம் தையலை ஒட்டிய தோல் நீலம் பாரித்து, பிறகு கறுத்து, வாய் திறந்துகொண்டது. டாக்டர் பொறுமையாக விளக்கினார்: தோலுக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்ணிய குழாய்கள் அதன் அடியில் இருக்கும் கொழுப்பில் ஓடுகின்றன. தோலை மெல்லியதாக உரித்துத் தூக்கினால் ஓரம் பட்டினி கிடந்து செத்துவிடும். அதனால் கொழுப்பின் மேல் அடுக்கைத் தோலோடு விட்டுவிட்டு, அதற்குக் கீழே உள்ள நெறிகளை மட்டும் எடுப்பார்களாம். அப்படிச் செய்தும் அப்பாவுக்கு ஏன் வலது பக்கம் மட்டும் பிரிந்தது என்று கேட்டேன். சுகரையும் பீடியையும் சொன்னார். பீடியை ஆபரேஷனுக்கு முதல் நாள் வரை அப்பா விடவில்லை.

கறுத்த தோலை வெட்டி எடுத்து, புண்ணிலிருந்து நீரை உறிஞ்சி இழுக்கும் வாக்கூம் டிரெஸ்ஸிங் வைத்துத்தான் புண் மூடியது. இந்த ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே என்ன கேட்க வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்பதைத் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

சின்னப்பொண்ணு

என் அம்மாவுக்குப் பெண்ணுறுப்பின் வெளிப்பகுதியில் வந்தது. வயது எழுபதுக்கு மேல். அம்மாவுக்கு எல்லா நெறிகளையும் எடுக்கவில்லை, அதுதான் எங்கள் அதிர்ஷ்டம். கட்டியைச் சுற்றிக் கதிரியக்க மருந்தும் நீலச் சாயமும் ஊசியாகப் போட்டு, அவை முதலில் போய்ச் சேரும் நெறியைக் கண்டுபிடித்து அதை மட்டும் எடுத்தார்கள். காவல் நெறி என்கிறார்கள். அதில் நோய் இல்லை என்றால் மற்றவற்றைத் தொடுவதில்லை.

"எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் நிம்மதிதானே டாக்டர்?" என்று என் அண்ணன் சண்டைக்கே போனார். அதற்கு டாக்டர் 2008-இல் வெளிவந்த குரோயின்ஸ்-வி ஆய்வைக் காட்டினார். நெதர்லாந்து மருத்துவர்கள் முன்னின்று பல மருத்துவமனைகளைச் சேர்த்து நடத்தியது. காவல் நெறியை மட்டும் எடுத்தவர்களில் புண் பிரிந்தது சுமார் 12 சதவீதம், எல்லாவற்றையும் எடுத்தவர்களில் 34. நீடித்த கால் வீக்கம் சுமார் 2 சதவீதத்துக்கு எதிராக 25. ஒரே கட்டி இருந்து, காவல் நெறியிலும் நோய் இல்லாதவர்களுக்கு இடுக்கில் நோய் திரும்பியது 2.3 சதவீதம்தான். அண்ணன் அப்புறம் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் எல்லாருக்கும் இது ஒத்துவராது. கட்டி 4 செ.மீ.க்குள், ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஸ்கேனிலும் கையிலும் நெறி சந்தேகமாகத் தெரியக்கூடாது. இதை அடிக்கடி செய்து பழகிய இடமாகவும் இருக்க வேண்டும். காவிரிக்கரை அண்ணா, உங்கள் அப்பாவுக்கு நெறியிலேயே நோய் தெரிந்துவிட்டதால் அந்த வழி இல்லாமல் போயிருக்கும்.

ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ்

புற்றுநோய் வார்டில் பல வருடம் இருந்தவள். கத்தி வைப்பது டாக்டர் வேலை. மீதிப் பாதி நம் கையில் இருக்கிறது.

முதலில், வீட்டில் பிளேடு வைத்து மழித்துக்கொண்டு வராதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாகக் கிருமி போகும். முடி எடுக்க வேண்டுமானால் ஆஸ்பத்திரியில் கிளிப்பரால் எடுப்பார்கள். கட்டியில் சீழ் இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே அதைச் சரி செய்யச் சொல்லிக் கேளுங்கள். சுகர் கட்டுக்குள் வர வேண்டும். பீடி, சிகரெட் நிறுத்த வேண்டும், ஒரு வாரம் முன்னால் அல்ல, தேதி குறித்த அன்றே.

அப்புறம் டிரெயின் டியூப். எனக்கு இதுதான் முக்கியம். நெறிகளை எடுத்த இடத்தில் நிணநீர் ஊறிக்கொண்டே இருக்கும். போக வழியில்லை என்றால் தோலுக்கு அடியில் கோர்த்து, தோலைத் தூக்கி, புண்ணைப் பிரித்துவிடும். டியூபோடு வீட்டுக்குப் போகச் சொன்னால் பயப்படாதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் அளந்து நோட்டில் எழுதுங்கள். 24 மணி நேரத்தில் 30 முதல் 50 மில்லிக்குக் கீழே வந்த பிறகுதான் பெரும்பாலும் எடுப்பார்கள். டியூபின் நுனியில் நீர் சேரும் பையை இடுப்புக்கு மேலே தூக்காதீர்கள். உள்ளே சுருங்கிப் பிடிக்க வேண்டிய பை பலூன் மாதிரி உப்பியிருந்தால் இழுக்கவில்லை என்று அர்த்தம். எப்படி அமுக்கி மூடுவது என்று டிஸ்சார்ஜுக்கு முன் கையோடு செய்து காட்டச் சொல்லுங்கள். பல வீடுகளில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. நீர் நாறினாலோ, கலங்கினாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

படுத்தே இருப்பது பழைய காலம். தொடை ரத்தக்குழாயில் ரத்தம் உறையும். அதற்குத்தான் வயிற்றில் ஹெப்பாரின் ஊசி போடுகிறார்கள், அதைத் தவறவிடாதீர்கள். டாக்டர் சொன்னதும் மெதுவாக நடக்கலாம். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைச்சதை வலித்தால் உடனே ஓடுங்கள்.

வயல்காட்டுக்காரன்

எனக்கே நடந்தது. ஆபரேஷன் முடிந்து சில மாதம் கழித்துக் கால் வீங்கியதும் ஊரே யானைக்கால் என்றது. ராத்திரி ரத்தம் எடுத்துப் பார், மாத்திரை சாப்பிடு என்று ஆளுக்கொரு யோசனை. ஒருத்தர் வந்து கீறி நீரை இறக்குகிறேன் என்றார், விரட்டிவிட்டேன். இது கொசுவால் வருவது இல்லை, நெறி போனதால் நிணநீர் தேங்குவது என்று ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. பிசியோதெரபிஸ்ட் அடுக்கடுக்காகக் கட்டுப் போட்டு வீக்கத்தைக் குறைத்தார், அப்புறம் ஸ்டாக்கிங்ஸ்.

பெரிய தொல்லை கால் சிவந்து காய்ச்சல் வருவதுதான். ஒவ்வொரு தடவை வரும்போதும் வீக்கம் இன்னும் கொஞ்சம் நிரந்தரமாகிறது. வெறுங்காலோடு வயலில் இறங்குவதை விட்டேன். விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்தால் அன்றைக்கே மருந்து.

அறுவை சிகிச்சை மருத்துவர்

பொதுவாகச் சொல்கிறேன், நேரில் பார்க்காமல் தனி ஆலோசனை தர முடியாது.

ஆணுறுப்புப் புற்றுநோயில் நெறி கையில் தட்டுப்படாதவர்களில் 4 பேரில் ஒருவருக்கு, சில தொகுப்புகளில் 5 பேரில் ஒருவருக்கு, உள்ளே நோய் ஒளிந்திருக்கும். அவர்களுக்காக எல்லாருக்கும் பெரிய ஆபரேஷன் செய்தால் மீதிப்பேர் வீணாகத் துன்பப்படுவார்கள். செய்யாமல் காத்திருந்தால் ஒளிந்திருந்தது பரவும். இத்தனை ஆண்டு முயற்சியும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான். 1977-இல் கபானாஸ் என்ற மருத்துவர் காவல் நெறி யோசனையைச் சொன்னார். ஒரே இடத்தில் தேடியதால் சிலருக்குத் தவறியது. இப்போது சாயமும் கதிரியக்கமும் வைத்து ஆளுக்கு ஆள் தேடுகிறோம். 1988-இல் கட்டலோனா என்ற மருத்துவர் வெட்டும் பரப்பைக் குறைத்து, காலின் நீண்ட மேற்புற ரத்தக்குழாயை (சஃபீனஸ் சிரை) காப்பாற்றும் முறையைச் சொன்னார். அந்தக் குழாயை விட்டுவைத்தால் கால் வீக்கம் குறைகிறது. சிறு துளைகள் வழியாகக் கேமரா வைத்துச் செய்யும்போது தோல் சாவதும் புண் பிரிவதும் குறைகின்றன. நிணநீர் தேங்குவது அந்த அளவுக்குக் குறைவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நெறி தெரிந்தால் 4 முதல் 6 வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்துக் காத்திருக்கும் பழைய வழக்கம் இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை. ஊசி குத்திப் பார்ப்பதே நேர்வழி. இங்கே படித்துவிட்டுப் பயந்து ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். புண் ஆறும், நெறியில் விட்டுவைத்த நோய் தொடை ரத்தக்குழாய் வரை போகும்.

காவிரிக்கரை மகன்

எல்லாருக்கும் நன்றி. அந்த ரத்தக்குழாயைக் காப்பாற்றினார்களா என்று அடுத்த செக்கப்பில் கேட்கிறேன். நர்ஸ் அம்மா, ஒரு சந்தேகம். அப்பாவுக்கு இடது கால் லேசாக வீங்க ஆரம்பித்திருக்கிறது. சித்திரை வெயிலில் ஸ்டாக்கிங்ஸ் போட மாட்டேன் என்கிறார். கடையில் நாங்களே ஒரு ஜோடி வாங்கினோம், தொடையில் சுருண்டுகொண்டு கோடு விழுகிறது.

ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ்

சுருண்டு அழுத்துவது போடாமல் இருப்பதைவிட மோசம் தம்பி, அதைக் கழற்றி வையுங்கள். முதலில் டாக்டரிடம் காட்டி, ரத்த உறைவும் இல்லை, நோய் திரும்பவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம் கணுக்கால், கெண்டை, தொடை மூன்றையும் டேப்பால் அளந்து அளவுக்கு வாங்குங்கள். காலையில் அப்பா எழுந்தவுடன் அளக்கச் சொல்லுங்கள். சாயங்காலம் அளந்தால் வீங்கின காலுக்குத்தான் அளவு கிடைக்கும், மறுநாள் காலையில் தொளதொளவென்று இருக்கும். ராத்திரி கழற்றிவிடலாம் என்று சொன்னாலே பாதி சம்மதிப்பார்.