கோர்ட் அபராதத்தில் மாநகராட்சிக்கோ ஊராட்சிக்கோ பங்கு உண்டா?

கேள்வி: சூரமங்கலம் வாசகர்

வணக்கம். பொது நிர்வாகப் பாடத்துக்கு ஒரு கட்டுரை எழுதுகிறேன். கலிபோர்னியாவில் கோர்ட் அபராதத்தின் மேல் ஒரு கூடுதல் தொகை போட்டு, அதில் ஒரு பகுதியைக் கவுண்டி (நம்ம மாவட்டம் போன்றது) நிர்வாகம் எடுத்துக்கொள்கிறது என்று படித்தேன். அதை எப்படிப் பிரிக்கிறார்கள்? நம்ம ஊரில் அப்படி ஏதாவது இருக்கிறதா? அஸ்தம்பட்டி கோர்ட்டில் கட்டுகிற அபராதத்தில் சேலம் மாநகராட்சிக்கு ஏதும் வருமா? ஏற்காட்டில் நடந்த குற்றம் என்றால் பணம் ஊராட்சிக்கா, ஒன்றியத்துக்கா? தெரிந்தவர்கள் சட்டப் பிரிவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: செலான் நகல்

வராது. பொதுவாக மாநில அரசைத் தவிர யாருக்கும் வராது.

குற்றவியல் நீதிமன்றம் விதிக்கிற அபராதம் அரசமைப்புச் சட்டம் 266-ஆம் கூறுப்படி மாநிலத்தின் தொகு நிதிக்குப் போகிறது. கோர்ட்டில் பணம் கட்டினால் ரசீது தருவார்கள், அபராதப் பதிவேட்டில் ஏற்றுவார்கள், பிறகு செலான் போட்டுக் கருவூலத்தில் செலுத்துவார்கள். அந்தச் செலானில் நீங்கள் பார்க்க வேண்டியது கணக்குத் தலைப்பு ஒன்றைத்தான். 0070 என்றால் இதர நிர்வாகப் பணிகள், அதை அடுத்த 01 நீதி நிர்வாகம், அதற்கடுத்த 102 அபராதமும் பறிமுதலும். இந்த எண்கள் விழுந்துவிட்டால் அந்தப் பணத்துக்கு ஊர்ப்பெயர் கிடையாது.

"மாநில நிதி ஆணையம் வழியாகச் சுற்றி வருமே" என்று சிலர் சொல்வார்கள். அதுவும் இல்லை. உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் 10 சதவீதம் மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் இருந்து எடுக்கப்படுவது. அபராதம் வரியல்லாத வருவாய். பங்கு போடுகிற பானையிலேயே அது விழுவதில்லை. பல கட்டுரைகள் சறுக்குகிற இடம் இதுதான், கவனம்.

ஏற்காட்டைப் பொறுத்தவரை முதலில் ஒன்று: அங்கே நகராட்சி கிடையாது, ஊராட்சி ஒன்றியமும் அதன் கிராம ஊராட்சிகளும்தான். மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எந்த வளைவில் குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டாலும், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185-இல் கோர்ட் போடும் அபராதம் மாநிலத்துக்கு. ஹெல்மெட் இல்லாததற்குப் போலீஸ் போடும் 1,000 ரூபாயும் மாநிலத்துக்கே. காட்டுக்குள் விறகு வெட்டி வழக்கில்லாமல் முடிக்க வனத்துறையிடம் இணக்கக் கட்டணம் கட்டினால் அது 0406, வனத்துறை வரவு. அடிவாரத்தில் சேலம் மாநகராட்சி எல்லைக்குள் குப்பை கொட்டி மாட்டினால், துணைவிதிப்படி போடுகிற ஸ்பாட் ஃபைன் மட்டும் மாநகராட்சிக்கு. அது மாநகராட்சி ரசீதில் வரும், கோர்ட் பக்கமே போகாது. குற்றம் நடந்த இடம் இதில் கணக்கே இல்லை. எந்தச் சட்டம், யார் வசூலிக்கிறார் என்ற இரண்டும்தான் பேசும்.

பதில் 2: தணிக்கைத் தடை

மேலே சொன்னது சரி. அபராதத்தின் மேல் போடும் கூடுதல் தொகையை "சர்சார்ஜ்" என்பார்கள்; அந்த வார்த்தையில் ஒரு கண்ணி இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். நம்ம ஊர் உள்ளாட்சி அலுவலகத்தில் போய் "சர்சார்ஜ்" என்று கேட்டால், தணிக்கையில் இழப்புக் கண்டுபிடித்து அந்த அலுவலரிடமே வசூலிக்கிறார்களே, அதைத்தான் நினைப்பார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டால் 1983 சட்டம் பிரிவு 87-இல் வரும் தண்டத்தீர்வை, அதுவும் சங்கத்துக்கு இழப்பு ஏற்படுத்தியவரிடம் வசூலிப்பதுதான். இரண்டுக்கும் கோர்ட் அபராதத்துக்கும் சம்பந்தமில்லை. ஆர்டிஐ மனுவில் இந்தச் சொல்லைப் போட்டால் வேறு ஏதோ பதில்தான் வரும்.

ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றி, குறிப்பிட்ட செலவுக்கென்று ஒதுக்குகிற முறைக்கு இங்கே உதாரணம் வேண்டுமென்றால் அபராதத்தில் தேடாதீர்கள், வரியில் தேடுங்கள். சொத்து வரியோடு 10 சதவீத நூலக வரி வசூலாகிறது. வசூலிப்பது உள்ளாட்சி, போய்ச் சேர வேண்டியது நூலக ஆணைக்குழு. பத்திரப் பதிவில் 5 சதவீத முத்திரைத் தீர்வைக்கு மேல் 2 சதவீதம் சொத்து மாற்றத் தீர்வை. அது சொத்து இருக்கிற உள்ளாட்சிக்கு. கன்னங்குறிச்சியில் வீடு வாங்கினால் கன்னங்குறிச்சிக்கு.

கோர்ட் பக்கம் அபராத சர்சார்ஜுக்குக் கொஞ்சம் கிட்டே வருவது செக் பவுன்ஸ் வழக்குச் சமரசம். தாமதமாகச் சமரசத்துக்கு வந்தால் செக் தொகையில் குறிப்பிட்ட சதவீதத்தைச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குக் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னது. 2025-இல் அந்த விகிதங்களைக் குறைத்தது. அதிலும் உள்ளாட்சிக்கு ஒன்றுமில்லை.

பதில் 3: பசிபிக் கரை

கலிபோர்னியா பகுதியை நான் எழுதுகிறேன். ஒரு போக்குவரத்து அபராதச் சீட்டையே பிரித்துக் காட்டினால் புரியும்.

ஸ்டாப் போர்டில் நிற்காமல் போனால் அடிப்படை அபராதம் 35 டாலர். கூடுதல் தொகை "ஒவ்வொரு 10 டாலருக்கும் அல்லது அதன் பகுதிக்கும்" என்று விதிப்பதால் 35 என்பது மூன்றரைப் பத்து அல்ல, நான்கு பத்து. கணக்குப் போடுகிறவர்கள் முதலில் தப்பு விடுவது இங்கேதான். ஒரு பத்துக்கு: மாநில அபராதக் கூடுதல் 10, கவுண்டி 7, நீதிமன்றக் கட்டடம் 5, அவசர மருத்துவம் 2, மரபணுச் சோதனைக்கு 1-ம் 4-ம். மொத்தம் 29. நான்கு பத்துக்கு 116. இதற்குப் பிறகு வரும் 20 சதவீத மாநில சர்சார்ஜ் அடிப்படை அபராதத்துக்கு மட்டும், அதாவது 7 டாலர். நீதிமன்றச் செயல்பாட்டுக்கு 40, தண்டனைக் கட்டணம் 35. ஆக 233 டாலர், சில்லறைக் கட்டணங்கள் தனி. 35 எங்கே, 233 எங்கே!

கவுண்டி கைக்கு வருவது எது? மாநிலக் கூடுதலான 10-இல் 70 சதவீதம் மாநிலத்துக்கு, 30 சதவீதம் கவுண்டியின் பொது நிதிக்கு. 7 டாலரைக் கவுண்டி மேற்பார்வைக் குழு தீர்மானம் போட்டுக் குற்றவியல் நீதிக் கட்டடங்கள், கைரேகை அடையாளம், அவசர மருத்துவம் போன்ற நிதிகளுக்கு ஒதுக்குகிறது. தனியாக இருக்கும் அந்த 2 டாலரும் தீர்மானம் போட்ட கவுண்டியில் மட்டுமே வசூலாகும். அடிப்படை அபராதம் இன்னொரு வழியில் போகிறது: நகரப் போலீஸ் பிடித்திருந்தால், சட்டத்தில் ஊர்வாரியாக அச்சடித்திருக்கும் சதவீதப்படி நகரமும் கவுண்டியும் பிரித்துக்கொள்ளும்.

தவணையாகக் கட்டினால் யாருக்கு முதலில் என்பதற்கும் வரிசை உண்டு. பாதிக்கப்பட்டவருக்கு உரிய இழப்பீடு முதலில், அடுத்து 20 சதவீத சர்சார்ஜ், அதன் பிறகு அபராதமும் கூடுதல்களும் விகிதப்படி, மிச்சச் செலவுகள் கடைசியில். மாநிலப் பங்கை மாதக் கடைசியிலிருந்து 45 நாளுக்குள் அனுப்ப வேண்டும். தணிக்கையில் அடிக்கடி மாட்டுவது டிராஃபிக் ஸ்கூல் (சாலை விதி வகுப்பு) வழக்குகள். அந்த வகுப்புக்குப் போக ஒப்புக்கொண்டதும் அபராதம் முழுவதும் சட்டப்படி "கட்டணமாக" மாறிவிடும், பிரிக்கும் விதியும் மாறும். மென்பொருளில் பழைய விதியே ஓடிக்கொண்டிருக்கும்.

சூரமங்கலம் வாசகர்

நன்றி சார். ஒரு சந்தேகம். ஊராட்சியே ஒரு ஆள் மேல் வழக்குப் போட்டு ஜெயித்தாலும் ஒரு பைசா வராதா? வக்கீல் செலவாவது?

பதில் 4: செலான் நகல்

நல்ல கேள்வி. முதலில் எந்தச் சட்டத்தில் வழக்கு என்று பாருங்கள். 1994 ஊராட்சிகள் சட்டம் பிரிவு 188-இல் ஊராட்சி நிதி பற்றி இருக்கிறது, அந்தச் சட்டத்தின் கீழ் வரும் அபராதம் அதில் சேருமா என்று அங்கேயே படித்துவிடுங்கள். அதே ஆள் மேல் போலீஸ் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, இப்போதைய தண்டனைச் சட்டம்) பிரிவில் வழக்குப் போட்டிருந்தால் ஊராட்சி நிதிக்குப் பணம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

செலவுக்கு வழி இருக்கிறது, பலர் பயன்படுத்துவதில்லை. பி.என்.எஸ்.எஸ். (இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 395, அதாவது 2024 ஜூலைக்கு முன் சி.ஆர்.பி.சி. 357. அபராதம் தண்டனையின் பகுதியாக இருந்தால், வசூலாகும் தொகையிலிருந்து வழக்கு நடத்திய நியாயமான செலவையும் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டையும் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்ய முடியாத வகைக் குற்றத்தில் தனிப் புகார் என்றால் பிரிவு 400: எதிரியையே (குற்றம் சாட்டப்பட்டவரையே) செலவுத்தொகை கட்டச் சொல்லலாம், வக்கீல் கட்டணம் உட்பட.

ஆனால் இவை தானாக நடக்காது. தண்டனை சொல்வதற்கு முன்னாலேயே செலவுப் பட்டியலோடு மெமோ போட வேண்டும். தீர்ப்பு வந்து, பணம் 0070-க்குப் போன பிறகு கேட்டால் கதை முடிந்தது. உத்தரவு கிடைத்தாலும் மேல்முறையீட்டுக் காலம் முடியும் வரை, மேல்முறையீடு போட்டிருந்தால் அது முடியும் வரை, பணம் கைக்கு வராது. எதிரி அபராதம் கட்டாமல் உள்ளே போய்விட்டால் பங்கு கேட்கப் பணமே இல்லை. மாற்றுச் சிறைத் தண்டனையை முழுசாக அனுபவித்த ஆளிடம் ஜப்தி வாரண்ட் போட, தனிக் காரணம் எழுத வேண்டும் அல்லது 395-இன் கீழ் உத்தரவு இருக்க வேண்டும் (பிரிவு 461). அந்த மெமோவுக்கு இங்கே இன்னொரு பயனும் இருக்கிறது பாருங்கள்.

பதில் 5: தணிக்கைத் தடை

தம்பி, கட்டுரைக்குச் சேலம் எண்கள் வேண்டுமென்றால் மாநகராட்சிக்கு ஆர்டிஐ போடாதீர்கள். அவர்களிடம் அந்தக் கணக்கு இல்லை, பிரிவு 6(3)-இல் வேறு அலுவலகத்துக்கு மாற்றி அனுப்புவார்கள், நாள்தான் போகும். மாவட்டக் கருவூலத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு எழுதுங்கள். "கோர்ட் அபராதம் எவ்வளவு" என்று பொத்தாம் பொதுவாகக் கேட்காமல், "0070-01-102 தலைப்பில் இன்ன நிதியாண்டில் மாத வாரியாக வரவு" என்று கேளுங்கள். மாநகராட்சிக்குத் தனியாக ஒரு மனு, ஸ்பாட் ஃபைன் வரவுக்கு மட்டும், சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்று மண்டல வாரியாக. இரண்டு தொகையையும் ஒரே அட்டவணையில் கூட்டிவிடாதீர்கள்.