புதுப்பிப்பு: ஹிமேஜி கோட்டையும் எங்யோஜி கோயிலும் ஒரே நாளில்

ஜப்பானில் ஹிமேஜி கோட்டை, ஷோஷா மலை எங்யோஜி புத்தக் கோயில் இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தேனே, தாராளமாக முடிகிறது. காலையிலேயே கோட்டைக்குப் போகச் சொன்னவர்களுக்கு நன்றி. 1609-இல் கட்டி முடித்த மரக் கட்டுமானம், லிஃப்ட் எல்லாம் கிடையாது, ஷூவைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் பிடித்தபடி ஏணி மாதிரிப் படிகளில் ஏற வேண்டும், மேலே போகப் போக இன்னும் செங்குத்து. வழுக்குகிற சாக்ஸ் வேண்டாம். சுவரில் வட்டம், முக்கோணம், சதுரம் என்று அம்புக்கும் துப்பாக்கிக்கும் விட்ட ஓட்டைகளை நின்று பாருங்கள்.

அப்புறம் பஸ், பிறகு ரோப்வே (கம்பிவடத்தில் தொங்கிப் போகும் வண்டி) ஏறி எங்யோஜிக்கு. 966-இல் தொடங்கிய கோயில். மலைச்சரிவில் உயரமான மரத்தூண்கள் மேல் நிற்கும் மானிதென் மண்டபம்தான், கேட்டால், எனக்குக் கோட்டையைவிடப் பிடித்தது. கடைசி ரோப்வே நேரத்தை ஏறும்போதே பார்த்துவிடுங்கள்.