கிழக்கே எப்படி வெயில் கீற்று?

தேவனாம்பட்டினத்தான்:
நேற்று சாயங்காலம் கடலூர் வெள்ளிக் கடற்கரையில் சுண்டலும் கையுமாக நின்றேன். சூரியன் முதுகுப் பக்கம், ஊருக்கு மேலே. ஆனால் கடல் மேல் இளஞ்சிவப்பாக நாலைந்து கீற்றுகள், அடிவானத்தில் ஒரே இடத்தில் போய்க் குவிந்தன. கிழக்கே ஏது சூரியன்? அம்மா, "மழை வரும்டா" என்கிறார்.

உப்பளக்காரன்:
அது எதிர் அந்திக்கதிர். மேற்கே மேக இடுக்கில் நுழைந்த ஒளி, உங்கள் தலைக்கு மேலே கடந்து கிழக்கே போகிறது. கதிர்கள் கிட்டத்தட்ட இணையாகத்தான் ஓடுகின்றன. தண்டவாளம் தூரத்தில் சேர்வது போல் கண்ணுக்குத் தெரியும். காற்றிலுள்ள தூசியும் நீர்த்துளியும் ஒளியைச் சிதறடிப்பதால்தான் கீற்றே தெரிகிறது.

புதுவைக்காரி:
அம்மாவிடம் சொல்லுங்கள், கீற்றை மட்டும் வைத்து மழை சொல்ல முடியாது. அப்புறம், வானிலைத் துறைக் கணக்கில் 'கனமழை' என்றால் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. எங்கள் தெருவில் தூறினாலே கனமழை என்பார்கள்!

தேவனாம்பட்டினத்தான்:
சரி, நடுநடுவே கறுப்பாகப் பட்டை தெரிந்ததே?

உப்பளக்காரன்:
மேகத்தின் நிழல்.