மசக்கை மாத்திரை: இரண்டு நாள் போட்டேன், பயத்தில் நிறுத்திவிட்டேன். தொடரலாமா?

தளிர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இது முதல் கர்ப்பம். இன்றோடு 9 வாரம் 2 நாள். ஆறாவது வாரத்தில் லேசாக ஆரம்பித்த குமட்டல் இப்போது நாள் முழுக்க இருக்கிறது. காலையில் மட்டும்தான் வரும் என்று கேள்விப்பட்டிருந்தேன். எனக்கோ சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் ரொம்ப மோசம். நேற்று ஐந்து தடவை வாந்தி. கடைசி இரண்டு தடவை வெறும் மஞ்சள் தண்ணீர், தொண்டையெல்லாம் எரிந்தது. கர்ப்பம் உறுதியானபோது 54 கிலோ இருந்தேன், இன்று காலை 52.

போன வாரம் டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். டாக்ஸிலமைன் 10 மி.கி., பைரிடாக்ஸின் 10 மி.கி. இரண்டும் சேர்ந்தது. இரவு படுக்கும்போது இரண்டு போடச் சொன்னார். முதல் நாள் போட்டேன். மறுநாள் காலை தலையைத் தூக்க முடியாத அளவுக்குத் தூக்கம், வாந்தியும் நிற்கவில்லை. அதனால் அடுத்த நாள் இரவு வரை காத்திருக்காமல், குமட்டல் ஏறும் நாலு மணிக்கே போட்டுப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் மாத்திரை முழுசாக வெளியே வந்துவிட்டது. மேல்பூச்சுகூடக் கரையவில்லை.

அன்று இரவு தேடிப் படித்தேன். டாக்ஸிலமைன் தூக்க மாத்திரையாகவும் விற்கும் மருந்து என்று தெரிந்ததும் பயந்துவிட்டேன். என் பெரியம்மா வேறு, அந்தக் காலத்தில் மசக்கைக்கு மாத்திரை போட்டவர்களுக்குக் கை கால் வளராமல் குழந்தை பிறந்ததைச் சொன்னார். அதோடு நிறுத்திவிட்டேன். நான்கு நாள் ஆகிறது. மாத்திரைப் பட்டை இன்னும் தலையணைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தினமும் எடுத்துப் பார்க்கிறேன், திரும்ப வைத்துவிடுகிறேன்.

இது குழந்தைக்கு ஆபத்தா? எனக்கு ஏன் வேலை செய்யவில்லை? தெரிந்த ஒருவர் ஒண்டான்செட்ரான் என்ற வேறு வாந்தி மாத்திரை போட்டதும் உடனே நின்றது என்றார். அதைக் கேட்டு வாங்கலாமா?

அல்லி எழுதியது:

தளிர், முதலில் ஒன்று கேட்கிறேன். கடைசியாக எப்போது சிறுநீர் போனீர்கள், என்ன நிறம்? எட்டு மணி நேரமாகப் போகவில்லை, அல்லது போனது அடர் மஞ்சளாக, பழுப்பாக இருக்கிறது, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டாம், கிளம்பி மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தியில் ரத்தம், காய்ச்சல், வயிற்று வலி இருந்தாலும் அப்படித்தான்.

அதெல்லாம் இல்லையென்றால் நிதானமாகப் படியுங்கள்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். முதல் கர்ப்பத்தில் நீங்கள் இப்போது இருக்கும் அதே இடத்தில் இருந்தேன். மாத்திரை கையில் இருந்தும் போடவில்லை. குழந்தைக்காகத் தாங்கிக்கொள்கிறேன் என்று நினைத்தேன். பதினோராவது வாரத்தில் 58 கிலோவிலிருந்து 53க்கு வந்து, சிறுநீரில் கீட்டோன் (சாப்பாடு இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது வருவது) நிறைய இருக்கிறது என்று மருத்துவமனையில் சேர்த்து, நான்கு நாள் டிரிப் ஏற்றினார்கள். அதற்கு முன் ஒரு இடத்தில் காட்டியபோது 'எல்லாருக்கும் வருவதுதான், மனசைத் தைரியமாக வைத்துக்கொள்' என்று அனுப்பிவிட்டார்கள். எடையைக்கூடப் பார்க்கவில்லை. அந்த வார்த்தை இன்றும் என்னை உறுத்துகிறது. என் மனசில்தான் கோளாறு என்று இரண்டு வாரம் நம்பினேன். ஜி.டி.எஃப். 15 என்ற ஹார்மோனை நஞ்சுக்கொடி நிறையச் சுரக்கிறது, கர்ப்பத்துக்கு முன் அது உடம்பில் குறைவாக இருந்து பழகியவர்களுக்கு வாந்தி கடுமையாக வருகிறது என்று 2023 கடைசியில் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். அதைப் படித்த அன்று உட்கார்ந்து அழுதேன்.

இரண்டாவது முறை இதே மாத்திரையைத்தான் ஏழாவது வாரத்திலிருந்து போட்டேன். வாந்தி முழுசாக நிற்கவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு எட்டு தடவை வந்தது இரண்டு தடவையாகக் குறைந்தது, தண்ணீர் உள்ளே நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் பதினேழாவது வாரம் வரை ஓட்டினேன்.

உங்களுக்கு வேலை செய்யாததற்குக் காரணம் உங்கள் பதிவிலேயே இருக்கிறது. அது மெதுவாகக் கரையும் மாத்திரை. மேல் பூச்சு வயிற்றில் கரையாது, குடலுக்குப் போன பிறகுதான் கரையும். ரத்தத்தில் மருந்து உச்சத்துக்கு வர ஏழு மணி நேரம் போல ஆகிவிடும். நாலு மணிக் குமட்டலுக்கு நாலு மணிக்குப் போட்டால் அது வேலை தொடங்கும்போது மணி பத்து, பதினொன்று. ராத்திரி பத்து மணிக்குப் போட்டால் விடியும்போது தயாராக இருக்கும். குமட்டல் வந்த பிறகு போடும் மருந்தே இல்லை இது. குமட்டல் இல்லாத நாளிலும் மணி தவறாமல் போட வேண்டும். அப்புறம், வெறும் வயிற்றில் தண்ணீரோடு முழுசாக விழுங்குங்கள். சாப்பிட்ட உடனே போட்டால் இன்னும் தாமதமாகும். கடிப்பது, பொடிப்பது, பாதியாக உடைப்பது எதுவும் கூடாது. உடைத்தால் அந்தப் பூச்சுக்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

இரவு இரண்டு போட்டும் இரண்டு நாளில் போதவில்லை என்றால் காலையில் ஒன்று சேர்ப்பார்கள். அதுவும் போதவில்லை என்றால் பிற்பகலில் இன்னொன்று. ஒரு நாளைக்கு நான்குதான் உச்ச அளவு. உங்களுக்குச் சாயங்காலம்தான் மோசம் என்பதால், காலை மாத்திரை சேர்த்தால் பலன் தெரிய வாய்ப்பு அதிகம். இதை நீங்களாகக் கூட்டாமல் டாக்டரிடம் கேட்டுக் கூட்டுங்கள்.

நான் என்ன செய்தேன் என்றால், பட்டையின் பின்பக்க வெள்ளித்தாளில் ஒவ்வொரு மாத்திரைக்கு மேலும் பால்பாயிண்ட் பேனாவால் கிழமையையும் நேரத்தையும் எழுதிவிட்டேன். 'செவ்வாய் இரவு 10', 'புதன் காலை 8' என்று. வாந்திக் களைப்பில் போட்டோமா இல்லையா என்றே மறந்துவிடும், மறந்து இரண்டு தடவை போட்டுவிடவும் கூடாது. வெள்ளித்தாள் கிழிந்திருந்தால் போட்டாயிற்று என்று அர்த்தம்.

தூக்கம் உண்மைதான். எனக்கு நாலைந்து நாள் கழித்துக் குறைந்தது. அதுவரை வண்டி ஓட்டாதீர்கள். வேறு தூக்கம் வரவைக்கும் மருந்தோ, சளி மருந்தோ சேர்த்துப் போடாதீர்கள்.

குறிஞ்சி எழுதியது:

நான் மருந்தாளுநராக 14 வருடமாக வேலை செய்கிறேன். பெரியம்மா சொன்ன கதைக்கு மட்டும் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் இதைக் கேட்டுவிட்டு மருந்தை வாங்காமல் போகிறார்கள்.

பெரியம்மா சொன்னது நடந்ததுதான். அந்த மருந்தின் பெயர் தாலிடோமைட். 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. தூக்கத்துக்கும் மசக்கைக்கும் கொடுத்தார்கள். 1961 கடைசியில் திரும்பப் பெறுவதற்குள் பல நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் கெல்சி என்ற அதிகாரி ஆதாரம் போதாது என்று அனுமதி தராமல் நிறுத்தி வைத்ததால் அங்கே பெரும் சேதம் தவிர்ந்தது.

உங்கள் கையில் இருப்பது முற்றிலும் வேறு மருந்து. டாக்ஸிலமைன் ஒவ்வாமைக்குக் கொடுக்கும் ஆன்டிஹிஸ்டமின் வகை, பைரிடாக்ஸின் என்பது வைட்டமின் பி6. 1956இலேயே இந்த இரண்டும் அடங்கிய மருந்து அமெரிக்காவில் பெண்டெக்டின் என்ற பெயரில் வந்துவிட்டது. கோடிக்கணக்கான கர்ப்பிணிகள் போட்டார்கள். பிறகு இதன் மேலும் வழக்குகள் குவிந்தன. செலவு தாங்காமல் 1983இல் தயாரித்த நிறுவனமே உற்பத்தியை நிறுத்தியது. அதன் பிறகு நடந்ததைத்தான் நான் எல்லாருக்கும் சொல்வேன். இந்த மருந்து ஊனத்தை உண்டாக்கியிருந்தால், அது சந்தையை விட்டுப் போனதும் ஊனத்தோடு பிறக்கும் குழந்தைகள் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. மாறாக, வாந்தி முற்றி மருத்துவமனையில் சேர்ந்த கர்ப்பிணிகளின் எண்ணிக்கை கூடியது. கனடாவில் இதே கூட்டு நிற்காமல் விற்றுக்கொண்டிருந்தது. கடைசியில் 2013 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மறுபடி அனுமதித்தது. கர்ப்பத்தில் இவ்வளவு பேரிடம் இவ்வளவு காலம் பார்க்கப்பட்ட மருந்துகள் மிகக் குறைவு.

தூக்க மாத்திரை என்ற வார்த்தைக்கும் பயப்படாதீர்கள். ஆன்டிஹிஸ்டமின்கள் பலவற்றில் தூக்கம் ஒரு பக்க விளைவு. அந்தப் பக்க விளைவையே சில நிறுவனங்கள் தூக்கத்துக்கு என்று விற்கின்றன. ஆனால் மன அழுத்தத்துக்கு எம்.ஏ.ஓ. தடுப்பான் வகை மாத்திரை போடுபவர்கள் இதைப் போடக்கூடாது. க்ளாக்கோமா (கண் அழுத்த நோய்), ஆஸ்துமா இருந்தாலும் டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

தளிர் எழுதியது:

அக்கா, சிறுநீர் இன்று மூன்று தடவை போனேன், வெளிர் மஞ்சள்தான். தலைசுற்றல் இல்லை. குறிஞ்சி சார், 1983க்குப் பிறகு நடந்ததைப் பெரியம்மாவிடமும் படித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு 'அப்ப போடு' என்றார்.

ஒண்டான்செட்ரான் பற்றி யாராவது சொல்லுங்களேன்.

நீலவானம் எழுதியது:

நான் போட்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். டாக்ஸிலமைன் நான்கு மாத்திரை வரைக்கும் போய், நடுவில் மெட்டோகுளோபிரமைட் என்ற இன்னொரு வாந்தி மருந்தை ஐந்து நாள் போட்டு (அதை அதற்கு மேல் நீட்டக்கூடாது என்றார்கள், சிலருக்குக் கழுத்தும் தாடையும் இழுத்துக்கொள்ளுமாம்), எதுவும் நிற்காமல் போன பிறகுதான் எனக்கு ஒண்டான்செட்ரான் கொடுத்தார்கள். அப்போது பதின்மூன்றாவது வாரம். நாக்கில் வைத்தால் கரையும் மாத்திரை. அரை மணி நேரத்தில் வித்தியாசம் தெரிந்தது, உண்மை. ஆனால் அதோடு வந்த மலச்சிக்கல் கொடுமை. ஆறு நாள் போகாமல், அதற்குத் தனியாக மருந்து வாங்க வேண்டியதாயிற்று.

குறிஞ்சி எழுதியது:

நீலவானம் சொன்ன வரிசைதான் சரி. ஒண்டான்செட்ரான் முதலில் புற்றுநோய்க்கான கீமோதெரபியால் வரும் வாந்திக்காக வந்த மருந்து, வலுவானது. 2018இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் 18 லட்சம் கர்ப்பங்களைப் பார்த்தார்கள். முதல் மூன்று மாதத்தில் இதைப் போட்டவர்களின் குழந்தைகளுக்கு இதயக் கோளாறு கூடவில்லை. உதடு, அண்ணப் பிளவு மட்டும் 10,000 பிறப்புக்கு 11 என்பது 14 ஆனது. அதாவது 10,000 பேரில் மூன்று பேர் அதிகம். சின்ன அளவுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. ஐரோப்பிய மருந்து அமைப்பு 2019இல் முதல் மூன்று மாதத்தில் தவிர்க்கச் சொன்னது. வேறு எதற்கும் வாந்தி அடங்காதபோது விளக்கிச் சொல்லிக் கொடுக்கலாம் என்பது பல மகப்பேறு மருத்துவர்களின் நிலை. ஒன்பதாவது வாரத்தில், முதல் மருந்தையே சரியாகப் போட்டுப் பார்க்காத நிலையில், அதைத் தேடிப் போக வேண்டாம். இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்கள், பொட்டாசியம் குறைந்தவர்களுக்கு அது தனி ஆபத்து. தெரிந்தவரிடம் மீதி இருக்கிறது என்று வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.

அல்லி எழுதியது:

எடையைப் பற்றி விட்டுவிட்டேன். எடையில் ஐந்து சதவீதம் குறைந்தால் கவனிக்க வேண்டும். 54இல் அது 2.7 கிலோ. 51.3க்குக் கீழே இறங்கினால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். வாரம் இரண்டு முறை, ஒரே நேரத்தில், ஒரே தராசில் பார்த்து எழுதி வையுங்கள். நாள் கணக்காகச் சாப்பிடாமல் இருந்து டிரிப் ஏற்றும் நிலை வந்தால் தயாமின், அதாவது வைட்டமின் பி1, கொடுத்துவிட்டு குளுக்கோஸ் ஏற்றுகிறீர்களா என்று கூட வருபவரைக் கேட்கச் சொல்லுங்கள். பி1 வற்றிப்போன உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளையைப் பாதிக்கும். பெரும்பாலும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இருந்தாலும் கேளுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரை போடுகிறீர்களா? அதுவே பலருக்குக் குமட்டலைக் கூட்டும். இப்போதைக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஃபோலிக் அமிலத்தை மட்டும் எக்காரணத்துக்கும் விடாதீர்கள்.

தளிர் எழுதியது:

ஒரு வாரம் கழித்து வருகிறேன். டாக்டரிடம் போனில் பேசினேன். இரும்பு மாத்திரையை மூன்றாவது மாதம் முடியும் வரை நிறுத்தச் சொல்லி, இரவு இரண்டு, காலை ஒன்று என்று மாற்றினார். அல்லி அக்கா சொன்னபடி பட்டையின் பின்னால் கிழமை எழுதியிருக்கிறேன். முதல் மூன்று நாள் ஒன்றும் தெரியவில்லை. நிறுத்திவிடத் தோன்றியது, ஆனால் இன்னும் கிழியாத வெள்ளித்தாளில் என் கையெழுத்தையே பார்த்துவிட்டுப் போட்டேன். நாலாவது நாள் சாயங்காலம் ஆறு மணி ஆன பிறகுதான், இன்று வாந்தியே வரவில்லை என்று உறைத்தது. நேற்று இரண்டு தடவை, இன்று ஒரு தடவை. குமட்டல் போகவில்லை, ஆனால் தண்ணீர் நிற்கிறது. எடை 52.1. தூக்கம் காலை ஒன்பது மணி வரை அழுத்துகிறது.

ஒரு சந்தேகம். வாந்தி எடுத்ததும் உடனே பல் தேய்த்துவிடுகிறேன், இப்போது பல் கூசுகிறது.

அல்லி எழுதியது:

உடனே தேய்க்காதீர்கள், தளிர். வாந்தியில் வரும் அமிலம் பட்டு பல்லின் மேல்பூச்சு இளகியிருக்கும், தேய்த்தால் அது தேய்ந்துவிடும். வெறும் தண்ணீரில், முடிந்தால் ஒரு டம்ளரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து கொப்பளியுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மென்மையான பிரஷ்ஷால் தேய்க்கலாம். 52.1 என்று பார்த்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை. இரவு மாத்திரையை ஒன்பது மணிக்கு மாற்றிப் பாருங்கள், காலையில் கொஞ்சம் சீக்கிரம் தெளியும்.