விண்டோஸ் 10 ஆதரவு முடிந்த கடைக் கணினிகள்: எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது?

கடைத்தெரு கேட்டது:

டைப்பிங், ஜெராக்ஸ் கடையில் மூன்று மெஷின் ஓடுகிறது.

முதலாவது டெஸ்க்டாப்: ஐ3-3220, எச்61 போர்டு, 4 ஜிபி டிடிஆர்3, 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. தமிழ்99 டைப்பிங்கும் ஆன்லைன் விண்ணப்பங்களும் இதில்தான். இரண்டாவது லேப்டாப்: ஐ5-5200யு, 4 ஜிபி, விண்டோஸ் 10. டேலியும் ஜிஎஸ்டி வேலையும் இதில். மூன்றாவது கோர் 2 டுயோ, 2 ஜிபி, விண்டோஸ் 7. பேஜ்மேக்கரில் பாமினி எழுத்துருவில் செய்த பத்திரிகை, நோட்டீஸ் ஃபைல்கள் எல்லாம் இதற்குள் இருக்கின்றன.

பிரிண்டர் கேனன் எல்பிபி2900. விண்டோஸ் 11 எதிலும் ஏற மறுக்கிறது. மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்ற வசதி இல்லை. எதில் செலவு செய்வது, எதில் லினக்ஸ் போடுவது?

பழையபலகை பதில்:

மெஷினின் வயதை வைத்து முடிவு எடுக்காதீர்கள் சார். அதில் ஓடும் மென்பொருளையும் அது இணையத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

டேலி லேப்டாப் விண்டோஸிலேயே இருக்கட்டும். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தருகிறது. பதிப்பு 22எச்2 ஆக இருக்க வேண்டும், அட்மின் கணக்கில் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் வழியாக உள்நுழைந்திருக்க வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவுசெய்யும் இணைப்பு வரும். செட்டிங்ஸ் பேக்கப்பை இயக்கினால் பணம் இல்லை, இல்லாவிட்டால் 30 டாலர். இணைப்பு வரவில்லையென்றால் பாக்கி இருக்கும் அப்டேட்களை முடித்து ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் பாருங்கள். இது அவகாசம் மட்டுமே. அடுத்து வாங்கும் மெஷின் டேலிக்காக இருக்கட்டும்.

விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் ஏற்றுவதைக் கடைக்குச் சொல்லமாட்டேன். டிபிஎம் (பாதுகாப்புச் சிப்) சோதனையைத் தாண்டி ஐ3-3220-ல் ஏற்ற முடியும். ஆனால் பெரிய பதிப்பு மாறும்போதெல்லாம் கையால் திரும்ப ஏற்ற வேண்டிவரும், அப்டேட் வரும் என்ற உத்தரவாதமும் கிடையாது. கோர் 2 டுயோவில் அந்தப் பேச்சே இல்லை. விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு முதல் எஸ்எஸ்இ4.2 கட்டளைகள் இல்லாத சிபியூவில் அது பூட்டே ஆகாது.

அந்த கோர் 2 டுயோவில் இன்றே நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிடுங்கள். பேஜ்மேக்கருக்கு இணையம் தேவையில்லை. வாடிக்கையாளர் பென் டிரைவை அதில் நேரடியாகச் செருகாமல், லினக்ஸ் போடப்போகும் ஐ3-யில் திறந்து தேவையான ஃபைலை மட்டும் கடையின் சொந்த பென் டிரைவில் மாற்றிக் கொடுங்கள்.

ஐ3-யில் லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு போடுங்கள். 2029 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு.

ஸ்பேனர் பதில்:

வன்பொருள் பக்கம் சொல்கிறேன். முதல் செலவு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்), அடுத்துதான் ராம்.

எச்61 போர்டில் சாட்டா (டிஸ்க் இணைப்பு) வேகம் 3 ஜிகாபிட் மட்டுமே, எம்.2 ஸ்லாட் இருக்காது. அதனால் விலை கூடிய வேகமான எஸ்எஸ்டி வீண். சாதாரண 2.5 இன்ச் சாட்டா, 240 ஜிபி போதும். டிஸ்க் தலை அங்குமிங்கும் தேடும் நேரம் போய்விடுவதால் இந்த வேகத்திலேயே மெஷின் ஆளே மாறிவிடும். லேப்டாப்புக்கு 7 மிமீ தடிமன் உள்ளது வாங்குங்கள்.

டிஸ்க்கைக் கழற்றும் முன் டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் 05 (மாற்றப்பட்ட செக்டார்), சி5 (படிக்கத் திணறும் செக்டார்) என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். சி5-ல் பூஜ்ஜியம் தவிர வேறு எண் இருந்தால் குளோன் (முழு டிஸ்க்கையும் அப்படியே நகலெடுப்பது) செய்ய உட்காராதீர்கள். படிக்க முடியாத செக்டாரில் அது மணிக்கணக்கில் திணறும், அதற்குள் டிஸ்க்கே போய்விடலாம். முக்கியமான ஃபோல்டர்களை முதலில் நகலெடுத்துவிட்டு, எஸ்எஸ்டியில் புதிதாக இன்ஸ்டால் செய்யுங்கள்.

ராம் வாங்கும்போது கவனம். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் 8 ஜிபி டிடிஆர்3-ல் பல, ஏஎம்டி போர்டுக்கு மட்டுமானவை. எச்61-ல் போட்டால் திரையே வராது. லேபிளில் ஏஎம்டி என்று இருந்தால் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே இருப்பதோடு இன்னொரு 4 ஜிபி போட்டு 8 ஆக்குவதே பாதுகாப்பு. லேப்டாப்புக்கு டிடிஆர்3எல், அதாவது 1.35 வோல்ட். 1.5 வோல்ட் ராம் அதில் வேலை செய்யாது.

கடிகாரத்தை ஓட்டும் சிஆர்2032 பட்டன் பேட்டரி உள்ள மெஷின்களில் அதை மாற்றிவிடுங்கள். அது இறந்தால் தேதி பல வருடம் பின்னால் போகும், உடனே எல்லாத் தளமும் சான்றிதழ் பிழை என்று திறக்க மறுக்கும். பலர் அதை வைரஸ் என்று நினைத்து ஃபார்மேட் அடிக்கிறார்கள்.

எழுத்துரு பதில்:

தமிழ்99-ல் ஒரு பொறி இருக்கிறது. மின்ட்டில் கீபோர்டு லேஅவுட் பட்டியலிலேயே தமிழ்99 தெரியும். அதைச் சேர்க்காதீர்கள். அது விசைக்கு ஓர் எழுத்து மட்டும் தரும். 'க' இரண்டு முறை அடித்தால் 'க்க' ஆகாது, தானாகப் புள்ளி விழாது. சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் (ibus-m17n) என்ற தட்டச்சு பேக்கேஜை இன்ஸ்டால் செய்து, இன்புட் மெத்தட் கருவியில் ஐபஸ்ஸைத் தேர்ந்து, லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள். பிறகு ஐபஸ் விருப்பங்களில் தமிழின் கீழ் எம்17என் தமிழ்99-ஐச் சேருங்கள். லாக்அவுட் செய்யாமல் சோதித்துவிட்டு வரவில்லை என்பதுதான் வழக்கமான புகார்.

பாமினி டிடிஎஃப் ஃபைலை இரட்டை கிளிக் செய்தால் லினக்ஸிலும் ஏறும். ஆனால் பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. லிப்ரெஆஃபிஸில் வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் தானியங்கித் திருத்தம் ஓடினால் தமிழ் எழுத்தே வேறாகிவிடும். பழைய ஃபைலைத் திறக்கும் முன் ஆட்டோகரெக்டை அணைத்துவிடுங்கள்.

பிரிண்டர்தான் சிக்கல். எல்பிபி2900 கேனனின் சொந்த முறையான கேப்ட்டில் (CAPT) இயங்குவது. லினக்ஸ் டிரைவர் இருக்கிறது, நிறுவுவது தலைவலி, பேப்பர் சிக்கினால் பாதியில் தொங்கும். அதை டேலி லேப்டாப்பிலேயே வைத்து, அதில் ஒரு ஷேர்டு ஃபோல்டர் திறந்து, ஐ3-யிலிருந்து பிடிஎஃப் ஆகப் போட்டு அங்கிருந்து அச்சிடுங்கள்.

கடைத்தெரு:

ஐ3-யில் விண்டோஸையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாமா? சில தளங்களுக்கு வேண்டியிருக்குமோ என்று யோசனை.

பழையபலகை:

ஒரே டிஸ்க்கில் இரண்டும் வேண்டாம். லினக்ஸ் கடிகாரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரம்) எழுதும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிக்கும். லினக்ஸிலிருந்து மாறி வரும்போது விண்டோஸ் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (முழுதாக அணையாமல் வேகமாகத் திறக்கும் வசதி) ஆன் ஆக இருந்தால் லினக்ஸில் விண்டோஸ் பார்ட்டிஷன் படிக்க மட்டும் திறக்கும், சேமிக்க விடாது. கடையில் ஆள் நிற்கும்போது இரண்டுமே தொல்லை.

எஸ்எஸ்டியில் லினக்ஸ் ஏற்றும்போது பழைய ஹார்டு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். இல்லாவிட்டால் பூட்லோடர் (மெஷினைத் தொடக்கும் நிரல்) தவறான டிஸ்க்கில் போய் உட்காரும். அந்த டிஸ்க்கை விண்டோஸோடு அப்படியே ஒரு மாதம் அலமாரியில் வையுங்கள். உண்மையிலேயே எந்தத் தளம் மக்கர் செய்கிறது என்பது அதற்குள் தெரிந்துவிடும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (யுஎஸ்பியில் செருகுவது) கேட்கும் தளங்களை மட்டும் முதல் நாளிலிருந்தே டேலி லேப்டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.