பெண்ணியப் பார்வையில் திரைவிமர்சனம்: எங்கிருந்து தொடங்குவது?

காட்பாடி வாசகி:

அனைவருக்கும் வணக்கம். காட்பாடியில் நாங்கள் ஏழு பெண்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, ஒரு படத்தைப் பார்த்துப் பேசி வருகிறோம். பேசியதைக் கட்டுரையாக எழுதும் பொறுப்பு இம்முறை எனக்கு வந்திருக்கிறது. நாங்கள் பார்த்தது பி. வாசு இயக்கத்தில் 1992-இல் வெளிவந்த 'மன்னன்'. பெரிய நிறுவனத்தை நிர்வகிக்கும் பெண், தன்னை எதிர்க்கும் தொழிற்சங்கத் தலைவனை மணந்து, இறுதியில் நிர்வாகத்தை அவனிடம் விட்டுவிட்டு இல்லத்தரசியாகிறாள். அதையே படம் அவள் திருந்தியதாகக் கொண்டாடுகிறது. இதைக் கண்டித்து இரண்டு பக்கங்கள் எழுதிவிட்டேன்.

ஆனால் எங்களோடு அமர்ந்து பார்த்த என் அம்மா, படம் வெளிவந்தபோது நாயகியாக நடித்த விஜயசாந்தி ஆண்களுக்கு உத்தரவிடும் காட்சிகளுக்காகவே வேலூருக்கு வந்து இரண்டு முறை பார்த்ததாகக் கூறினார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பொய்யென்று என்னால் எழுத முடியவில்லை. என் கட்டுரையிலோ அந்த மகிழ்ச்சிக்கு இடமே இல்லை. ஒரு படம் பெண்ணுக்கு எதிரானது என்று தீர்ப்பெழுதுவதோடு பெண்ணிய விமர்சனத்தின் வேலை முடிந்துவிடுகிறதா?

ஆற்காடு தமிழாசிரியர் (ஓய்வு):

உங்கள் தயக்கமே சரியான தொடக்கம், அம்மா. 1975-இல் பிரிட்டிஷ் திரைக் கோட்பாட்டாளர் லாரா மல்வி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, வெகுசன சினிமாவில் பார்ப்பவன் ஆணாகவும் பார்க்கப்படுபவள் பெண்ணாகவும் அமைக்கப்படுவதையும், கேமராவின் கண்ணும் நாயகனின் கண்ணும் பார்வையாளரின் கண்ணும் ஒன்றாகிவிடுவதையும் விளக்கியது. அப்படியானால் அரங்கில் அமர்ந்திருக்கும் பெண் யாருடைய கண்ணால் பார்க்கிறாள் என்று பலரும் கேட்டார்கள். 1981-இல் மல்வியே அக்கேள்வியை எடுத்துக்கொண்டு மற்றொரு கட்டுரை எழுதினார். செயல்படும் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கும் ஆசை பெண்ணுக்கும் உண்டு என்பதும், அந்த இடம் அவளுக்கு நிலையாகக் கிடைப்பதில்லை என்பதும் அதன் சாரம். தங்கள் தாயார் சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். நாற்காலியில் அமர்ந்த பெண்ணாகத் தம்மை அவர் கண்டிருக்கிறார். படம் அந்த நாற்காலியைப் பிறகு பிடுங்கிக்கொண்டது. இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் அந்த இறுதிக்காட்சி எதைப் பறித்தது என்பது வாசகருக்குப் புரியும்.

ஆம்பூர்த் தொழிலாளி:

நான் பதினோரு ஆண்டுகளாக ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறேன். எங்கள் வரிசையில் பெரும்பாலோர் பெண்கள். மல்வியை நான் படித்ததில்லை. வேலைக்குப் போகும் பெண்ணைக் காட்டும் எந்தப் படத்திலும், அவள் காலையில் கிளம்புவதற்கு முன்பும் மாலையில் திரும்பிய பிறகும் உள்ள நேரத்தைக் கேமரா காட்டுகிறதா, அல்லது வெட்டிவிடுகிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். நாலரை மணிக்கு எழுந்து சோறு வடித்து, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவளுக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் பெரிய கதை.

2021-இல் வந்த ஜியோ பேபியின் மலையாளப் படமான 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' அந்த நேரத்தை வெட்டவில்லை. நறுக்குவது, அரைப்பது, எச்சில் தட்டுகளை எடுப்பது, மறுநாள் அதையே செய்வது என்று கேமரா அடுக்களையை விட்டு நகர மறுக்கிறது. கழுவும் தொட்டியின் குழாய் ஒழுகுகிறது. ஆளை அழைக்கும்படி அவள் கேட்டுக்கொண்டே இருக்க, கணவன் மறந்துகொண்டே இருக்கிறான். நாங்கள் பார்த்த அன்று எங்கள் வீட்டுக் குழாயும் ஒழுகிக்கொண்டிருந்தது. மாமியார் ஒன்றும் பேசாமல் எழுந்து போய், கீழே நிறைந்திருந்த வாளியை மாற்றிவிட்டு வந்து மீண்டும் அமர்ந்தார். 'மன்னன்' கட்டுரையிலும் இதைக் கேளுங்கள், சகோதரி: அவள் இல்லத்தரசியான மறுநாள் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும்?

குடியாத்தம் வாசகர்:

முற்போக்கான படங்களையும் இதே கண்டிப்போடு பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. 1985-இல் அமெரிக்கப் படக்கதைக் கலைஞர் ஆலிசன் பெக்டெல்லின் படக்கதை ஒன்றில் வந்த சோதனையை இன்று பலரும் மதிப்பெண்போலப் பயன்படுத்துகிறார்கள்: இரண்டு பெண்கள் இருக்க வேண்டும், அவர்கள் தங்களுக்குள் பேச வேண்டும், அது ஆணைப் பற்றியதாக இருக்கக் கூடாது. ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' (1978) இறுதியில் நாயகி மஞ்சு, தன்னோடு பழகிய அருணின் புது மனைவியிடம் பெண் விடுதலையைப் பற்றிக் கேட்கிறாள். அவளுக்கு அது தெரியவில்லை. சோதனையில் படம் தேறிவிடும். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது, பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்து, அவர்களிடம் அத்தனை கேள்விகள் கேட்ட அருண், அப்படியொரு கேள்வியே எழாத பெண்ணைத் தேடி மணந்துகொண்டான் என்பதுதான். பெண்ணை வெளிப்படையாக இழிவுபடுத்தும் ஆணை அடையாளம் காண்பது எளிது. பரிவோடு பேசும் ஆண் எந்த இடத்தில் விலகிக்கொள்கிறான் என்பதை விமர்சகர்கள் கவனித்து எழுத வேண்டும்.

காட்பாடி வாசகி:

மூவருக்கும் நன்றி. ஆம்பூர்த் தோழியின் கேள்வியை அம்மாவிடமே கேட்டேன். இரண்டாம் முறை போனபோது, ஊருக்குத் திரும்பும் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்பதால் படம் முடியும் முன்பே எழுந்து வந்துவிட்டாராம். "முடிவுதான் ஏற்கெனவே தெரியுமே, அதற்காக யார் உட்கார்ந்திருப்பார்கள்?" என்றார். எழுதிய இரண்டு பக்கங்களை ஓரமாக வைத்துவிட்டு, அந்த வாக்கியத்திலிருந்து மீண்டும் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.